பை தைத்த பொம்மை

சான் அந்தோனியோ
1996 ஜூன் 9

அன்புள்ள ஞானப்பா,

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று பாதிரியார் முன்னால் என்னைக் கையில் ஏந்திக்கொண்டு, "இவ அப்பனுக்கு ஒண்ணுன்னா நான் இருக்கேன்" என்று சொன்னது நீங்கள். எனக்கு ஞாபகம் இல்லை, அப்போது நான் வீறிட்டுக்கொண்டிருந்தேனாம். உங்களுக்காவது ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். இப்போது அப்பனுக்கு ஒன்று ஆகியிருக்கிறது. நீங்கள் கலாமாவில், பாலைவனத்தில், கம்பெனி கொடுத்த புது மேஸ்திரிக் குல்லாவோடு இருக்கிறீர்கள்.

அப்பாவுக்கு இரண்டாவது கால்கட்டு போட்டாயிற்று. பதறாதீர்கள், மாவுக்கட்டுதான். அம்மாவுக்குப் போட்டியாக யாரும் வரவில்லை. ஆனால் இடுப்பெலும்பு கோணலாக ஒட்டிக்கொண்டு வருகிறதாம். திரும்ப அறுத்துத் தகடு வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். தள்ளிப்போட்டால் அப்பா ஏணியைச் சுவரில் சாத்திவைத்து அழகு பார்க்கலாம், ஏற முடியாது. பொது மருத்துவமனையில் வரிசை மீன்துறைமுகம் வரை நீள்கிறது. விபத்துக் காப்புச் சங்கத்தின் மருத்துவமனைக்குப் போனால் உடனே நடக்கும். வேலையில் அடிபட்டவர்களுக்காகவே கட்டியது அது.

சங்கம் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "மேற்படி தொழிலாளி, பணிக்குத் தொடர்பில்லாத கேலிச் செயலுக்காகத் தானாகவே கூரையில் ஏறி விழுந்தார்." காப்புச் சங்கமாம்! காப்பாற்றுகிற காப்பா, கையில் மாட்டுகிற காப்பா என்று கேட்டு எழுதலாமா என்று பார்க்கிறேன்.

கேலியைப் பற்றி என்னிடம் பேசுகிறார்கள். பள்ளிக்கூட மணியின் நாக்குக்குக் காலுறை மாட்டி ஒரு வகுப்பை இரண்டு வகுப்பாக நீட்டியவள் நான். (எல்லாரும் என்னை அடிக்க வந்தார்கள். மணி அடிக்காவிட்டால் பாடமும் முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை.) கேலிக்காக ஏறுகிறவன் மதியம் ஏறமாட்டான். அதுவும் முதலாளி தோன் லியோபோல்தோ வீடு வாங்குகிறவர்களைக் காரில் கூட்டிக்கொண்டு மலையேறி வரும் நேரத்திலா ஏறுவான்?

அப்பா ஒரே வார்த்தைதான் சொல்கிறார். "மேஸ்திரி பொம்மையை இறக்கச் சொன்னார். இறக்கப் போனேன்."

கீழே நின்ற மேஸ்திரி நீங்கள். மற்றவர்கள் எல்லாரும் பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சொன்னீர்களா இல்லையா? இதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஆறுதல் எல்லாம் வேண்டாம், பக்கத்துக் கட்டில் பாட்டா நிறையவே தருகிறார்.

உங்கள் ஞானமகள்
யாஸ்னா


கலாமா
1996 ஜூன் 20

மகளே யாஸ்னா,

உன் கடிதம் கிடைத்தது. இனிமேல் வேலைத்தளத்துக்கு எழுதாதே. இங்கே தபால் எல்லாம் அலுவலக மேசை வழியாகத்தான் வரும். உன் உறை பிரித்து ஒட்டியது போல் இருந்தது. கீழே ஒரு ரொட்டிக்கடை முகவரி எழுதியிருக்கிறேன், அதற்கு அனுப்பு.

உன் அப்பன் எரிபெர்த்தோவுக்கு இப்படி ஆனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. அன்றைக்குக் காற்று பலம். யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. விசாரிக்க வந்தவர்களிடமும் இதைத்தான் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு எனக்கு எதுவும் தெரியாது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்தப் பொம்மையைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

கம்பளிச் சால்வை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குக் கொடு.

அனானியாஸ்


சான் அந்தோனியோ
1996 ஜூலை 1

ஞானப்பா,

உங்கள் கடிதத்தில் சாரமே இல்லை. அன்றைக்குக் கூரை ஓரத்திலும் சாரம் இல்லை. கட்டியிருந்தால் அப்பா அதன் பலகையில் விழுந்து, உங்களை நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருப்பார். இடுப்பு பெல்ட்டுகளோ கிடங்கில் பத்திரமாகப் பூட்டி இருந்தன. ஒரு பெல்ட்கூடக் கீழே விழவில்லை, அதுவரை சந்தோஷம்.

சால்வை வந்தது. அப்பா கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பொம்மை. ஆமாம், நான்தான் செய்தேன். அம்மாவின் தையல் மெஷினில், அப்பாவின் பழைய கோட்டில் வைக்கோல் அடைத்து, தோன் லியோபோல்தோவின் தொந்தியோடு. கால்சட்டைப் பைகள் இரண்டின் வாயையும் மூடித் தைத்தேன், அவர் கை உள்ளே போகவே கூடாது என்று. கூரைச் சட்டம் ஏறிய நாளில் வழக்கப்படி உங்களுக்கெல்லாம் கறி சுட்டு ஒயின் ஊற்றாமல், ஆளுக்கு ஒரு காய்ந்த ரொட்டியும் பாதி சோடாவும் கொடுத்த மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான தையல் எனக்குத் தோன்றவில்லை. மாவுச்சாக்கில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வேலைத்தளத்துக்கு எடுத்துப்போனார். மறுநாள் காலையில் அது உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். மதியம் ஆனதும் யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை நான் எனக்கே பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். செய்யாமல் இருந்திருந்தால். அது என் வரி, ஞானப்பா. நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கென்று ஒரு வரி வேறு இருக்கிறது.

இலவசச் சட்ட உதவி மையத்தில் எங்களுக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறான். எலியசெர் என்று பெயர், இன்னும் படித்து முடிக்காத வக்கீல். அண்ணனுடைய கோட்டைப் போட்டிருக்கிறான், கோட்டுக்குள் ஆளைத் தேட வேண்டும். சந்தியாகோவில் வளர்ந்தவன்.

"பொம்மையா? கட்டடத்துக்கு எதுக்குப் பொம்மை?" என்றான்.

"விருந்து வைக்காத முதலாளிக்கு உச்சியில பொம்மை ஆடும். உங்க வீடு கட்டினப்போ என்ன பண்ணாங்க?"

"நாங்க வாடகைக்கு இருக்கோம். பத்தாவது மாடி."

"அப்போ உங்க தலைக்கு மேலதான் யாரோ ஆடியிருப்பாரு, விசாரிச்சுப் பாருங்க."

பையன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். வேலையாலோ வேலையை ஒட்டியோ அடிபட்டால் அது வேலை விபத்து. மேஸ்திரி சொல்லி ஒருவன் ஏறினால், இறக்குவது பொம்மையாக இருந்தாலும் புறாக்கூடாக இருந்தாலும், அது வேலை. தானாக ஏறினால் கேலி. வழக்கு முழுக்க அந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது.

"சரி, அப்போ மேல கட்டினது யாருன்னு ஜட்ஜ் கேப்பாரு. உங்க அப்பா என்ன சொல்வாரு?"

அங்கேதான் இடிக்கிறது. அப்பா சொல்லமாட்டார். பொம்மையை யார் தொங்கவிட்டது என்று கட்டட வேலைக்காரன் யாரும் கேட்கவும் மாட்டான், சொல்லவும் மாட்டான். அதற்காகக் கையை வெட்டினாலும் சொல்லக் கூடாது என்பது உங்கள் எல்லாருக்கும் பால்குடி வயதிலிருந்தே தெரியும். எலியசெர் அப்பாவிடம் கெஞ்சினான்.

"ஐயா, நீங்க இல்லைன்னாவது சொல்லுங்க."

"நான் இல்லைன்னு சொன்னா, அப்புறம் யாருன்னு கேப்பீங்க."

"கேப்போம்தானே!"

"அதான் சொல்ல மாட்டேன்."

கம்பெனிக்கு இது போதும். காவல்காரன் ஒருவன், அப்பா கையில் பொம்மையோடு ஏறுவதைப் பார்த்தேன் என்று சொல்லப்போகிறானாம். ஆகஸ்ட் பதினாலாம் தேதி விசாரணை. அன்றைக்குக் காற்று பலமாக இருக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வாருங்கள்.

யாஸ்னா


கலாமா
1996 ஜூலை 13

யாஸ்னா,

உன் கடிதத்தை ரொட்டிக்கடையிலேயே நின்று படித்தேன். அறைக்கு எடுத்துப்போகவில்லை.

உனக்குக் கட்டட வேலை தெரியாது. ஒரு மேஸ்திரி தன் கம்பெனிக்கு எதிராக நீதிமன்றத்தில் ஏறினால், அந்தக் கம்பெனி மட்டுமல்ல, வடக்கிலிருந்து தெற்குவரை எவனும் கூப்பிடமாட்டான். என் வயதில் திரும்பவும் கலவை சுமக்கச் சொல்கிறாயா? பெல்ட் இல்லாமல் ஆளை ஏற்றினேன் என்று நானே சொன்னால் நாளைக்கு என் மேலேயே வழக்கு வரும். அதை உன் எலியசெர் சொன்னானா?

கம்பெனி ஒரு சமாதானப் பத்திரம் தயார் செய்திருக்கிறது. வழக்கை விட்டுவிட்டால் ஒரு தொகை தருவார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் கையில் வரும். வழக்கில் தோற்றால் அதுவும் இல்லை. கையெழுத்துப் போடச் சொல்லி எரிபெர்த்தோவிடம் நான் சொன்னதாகச் சொல்.

இங்கே தண்ணீர் உப்பு. தூசியில் கண் எரிகிறது. அவன் என்னைப் பற்றிக் கேட்கிறானா?

அனானியாஸ்


சான் அந்தோனியோ
1996 ஜூலை 25

ஞானப்பா,

நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. கம்பெனியே ஒரு ஆளை அனுப்பியது. பளபளப்பான காலணி, கையில் பத்திரம், முகத்தில் துக்கவீட்டுக்கு வந்த மாதிரி ஒரு சிரிப்பு. மழை நாள், வார்டு முழுக்க ஈரத்துணி வாடை. அப்பா, "முடியாது தம்பி, எடுத்துட்டுப் போ" என்றார். அப்போது அந்த ஆள் குனிந்து சொன்னான்:

"அனானியாஸ் மேஸ்திரியே போடச் சொல்றாரு. உங்க நல்லதுக்குத்தான்."

அவ்வளவுதான். அப்பா கை நீட்டிவிட்டார். "அவன் சொன்னா சரியா இருக்கும். குடு."

நான் குறுக்கே புகுந்து, "அப்பா கை நடுங்குது, நான் பேனாவைத் திறந்து தரேன்" என்று வாங்கினேன். முனையை மட்டும் கட்டில் கம்பியில் அழுத்தித் திருப்பிக் கொடுத்தேன். கீறியதே தவிர எழுதவில்லை. அவன் இன்னொரு பேனா எடுத்தான். அதற்குள் அப்பாவின் சூப்புக் கிண்ணம் பத்திரத்தின் மேல் கவிழ்ந்துவிட்டது. மேற்படி சூப்பு, பணிக்குத் தொடர்பில்லாத கேலிச் செயலுக்காகத் தானாகவே கவிழ்ந்தது என்று வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன். காலணியில் ஒரு உருளைக்கிழங்குத் துண்டோடு அவன் போனான். புதுப் பத்திரத்தோடு திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் அப்பா என்னைத் திட்டவில்லை. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவன் மேல கோபப்படாதேடி," என்றார்.

"சாட்சி சொல்லக் கூப்பிட்டா சமாதானம் சொல்றாரு. கோபப்படாம கும்பிடணுமா?"

"அவன் பயந்தாங்கொள்ளி இல்லை. அன்னிக்குக் காரைப் பார்த்ததும் பதறிட்டான், அவ்வளவுதான். பெல்ட் எங்கேன்னேன். 'அதெல்லாம் அப்புறம், கார் வந்துட்டுது, சீக்கிரம் சீக்கிரம்'னான். நானும் அவிழ்த்துடலாம்னுதான் போனேன். அவன் முடிச்சு போட்டா எவனால அவிழ்க்க முடியும்? நகமே பெயர்ந்துட்டுது. கீழேருந்து அவன் கத்திக்கிட்டே இருக்கான். சரின்னு கத்தியை எடுத்து, இப்படி எட்டிச் சாய்ஞ்சு..."

அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. சிப்பி மாதிரி மூடிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, "எலியசெர் கிட்ட சொல்லிடாதே" என்றார். கம்பெனியிடம் சொல்லாதே என்றுகூட இல்லை, எலியசெரிடம் சொல்லாதேயாம். உங்களுக்காகத் தன்னுடைய வக்கீலிடமே மறைக்கிறார்.

நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் கொடுக்கும் வாக்கு எவ்வளவு அபூர்வம் என்று என் வகுப்பு டீச்சரைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனை நாளும் நான் நினைத்தது ஒன்று. நான் தைத்தேன், அப்பா கட்டினார், அப்பா விழுந்தார், நீங்கள் வேடிக்கை பார்த்தீர்கள். இப்போது நடுவில் ஒரு ஆள் மாறிவிட்டார். இனிமேல் உங்களைத் திட்ட எனக்கு வார்த்தை வரவில்லை. வருகிறது, ஆனால் சின்னதாக இருக்கிறது.

டாக்டர் நேற்று படம் பிடித்துப் பார்த்தார். எலும்பு இன்னும் இறுகவில்லை, ஆனால் இறுகத் தொடங்கிவிட்டது என்கிறார். பதினாலாம் தேதி தீர்ப்பு நமக்குச் சாதகமாகப் போனால் சங்கத்து மருத்துவமனை அப்பாவை எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். இல்லையென்றால் அப்பா இப்படியே ஒட்டிப்போவார்.

கேட்டீர்களே, உங்களைப் பற்றிக் கேட்கிறாரா என்று. கேட்கிறார். "அங்கே குளிருமே, இருந்த ஒரு சால்வையையும் இங்கே அனுப்பிட்டானே" என்று கேட்கிறார்.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. அதைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை.

யாஸ்னா


கலாமா
1996 ஆகஸ்ட் 5

மகளே யாஸ்னா,

பொட்டலம் வந்தது. ரொட்டிக்கடைக்காரி முன்னாலேயே பிரித்துவிட்டேன், உன்னைப் பற்றித் தெரிந்தும். குல்லா, மீசை, கழுத்தில் விசில். என் வயிறுகூடச் சரியாக இருந்தது. வாயை மட்டும் சிவப்பு நூலால் இறுக்கித் தைத்திருந்தாய்.

"யாரு இது? அப்படியே உங்களை மாதிரி இருக்கு, வாயைத் தவிர" என்றாள்.

"வாயும் நான்தான்" என்றேன்.

நான்கு ரொட்டி கேட்டவனுக்கு ஐந்து கொடுத்து அனுப்பினாள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

பொம்மையை மேசைமேல் நிறுத்திவைத்திருந்தேன். இரண்டு நாள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போய் விடுப்பு கேட்டேன். எதற்கு என்றார்கள். சொன்னேன். பதினாலாம் தேதி என்றும் சொன்னேன். அவர்களுக்குள் பேசிவிட்டு வந்து, இனி நீங்கள் விடுப்பே கேட்க வேண்டியதில்லை என்றார்கள். குல்லாவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வெயில் நேராகத் தலையில் இறங்கியது. குல்லா இல்லாமல் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

எரிபெர்த்தோவிடம் சொல். முடிச்சு யாருடையது என்று நீதிபதி கேட்டால் அவன் வாயைத் திறக்க வேண்டாம். வழக்கம் வழக்கமாகவே இருக்கட்டும். கட்டினவனே எழுந்து நின்று நான்தான் என்றால் அது காட்டிக்கொடுப்பது ஆகாது. கட்டினதும் நான்தான், இறக்கச் சொல்லிக் கத்தியதும் நான்தான், பெல்ட் கேட்டவனை விரட்டியதும் நான்தான். மூன்றையும் வரிசையாகச் சொல்வேன். காற்று அன்றைக்கு ஒன்றும் இல்லை. உன் பொம்மைகூட நேராகத்தான் தொங்கியது.

புதுப் பத்திரத்தோடு அந்த ஆள் வந்தால் சூப்பை வீணாக்காதே. நான் வருகிறேன் என்று மட்டும் சொல்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நிலையத்துக்கு நீ வர வேண்டாம். வந்தால் என்ன செய்து வைப்பாய் என்று தெரியாது. நான் நேராக மருத்துவமனைக்குப் போகிறேன். அவனிடம் எனக்குத் தனியாக ஒரு பேச்சு இருக்கிறது, அதில் வக்கீலும் வேண்டாம், நீயும் வேண்டாம்.

பொம்மையைத் திருப்பி அனுப்புகிறேன். வாயைப் பார். உன் தையல் பொல்லாத இறுக்கம், என் முடிச்சு மாதிரி. முதலில் கத்தியைத்தான் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெகுநேரம் ஆயிற்று. ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சிவப்பு நூலும் உள்ளேயே இருக்கிறது, எடுத்துப் பார், எங்கேயும் அறுபடவில்லை. கீழே நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று கத்த யாரும் இல்லை.

உன் ஞானப்பா
அனானியாஸ்